வயரைப் பிடுங்கினால் என்ன காட்டும்?

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே நான், அவள், பிள்ளைகள் இரண்டு பேரும் நலம். சின்னவளுக்கு மட்டும் சளி, அதுவும் இறங்கிக்கொண்டிருக்கிறது. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? அத்தான் பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா, இல்லை நீ சட்டைப்பையில் வைத்து அனுப்புவதை அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறாரா?

என்னடா இவன் திடீரென்று காகிதத்தில் எழுதுகிறான் என்று பார்க்காதே. எங்கள் பகுதியில் போன் இப்போதெல்லாம் சரியாக எடுப்பதில்லை. பாதி வார்த்தை வருகிறது, பாதி போய்விடுகிறது. எழுதினால் யோசித்து எழுதலாம். நீயும் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மருத்துவமனையின் புறநோயாளர் ஹாலில் என் வேலை உனக்குத் தெரியும். பதினாறு வருஷமாக அதே நடு மேசை. மைக்கில் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவது, வழி கேட்பவர்களுக்கு வழி சொல்வது, சண்டை வந்தால் நடுவில் நிற்பது. இப்போது பெரிய பெரிய திரைகளாகப் பதினொன்றை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஹாலில் நான்கு, நடைபாதையில் மூன்று, மருந்து கொடுக்கும் இடத்தில் இரண்டு, எக்ஸ்ரே வாசலில் ஒன்று, என் தலைக்கு மேலே ஒன்று. மாட்டி இரண்டு மாதமாகிறது. எல்லாம் கறுப்பாகத் தொங்குகின்றன. எந்தத் திரையில் என்ன வர வேண்டும், எப்போது மாற வேண்டும் என்று சொல்கிற மென்பொருளை வாங்க எல்லாரும் மறந்துவிட்டார்கள். வண்டியை வாங்கி வாசலில் நிறுத்திவிட்டு டிரைவரைத் தேடுகிற கதைதான்.

அதைத் தேர்ந்தெடுக்க மூன்று பேர் குழு. மேட்ரன் அம்மா, கம்ப்யூட்டர் பிரிவுப் பெண், நான். உங்கள் பஸ் நிலையத்தில் இரண்டு வருஷமாகத் திரைகள் ஓடுகின்றனவே. விசாரணை ஜன்னலில் உட்கார்ந்து எல்லாக் கூத்தையும் பார்த்தவள் நீ. எதைக் கேட்க வேண்டும், எதில் ஏமாற்றுவார்கள் என்று எழுது. இந்த மாதக் கடைசியில் மூன்று நிறுவனத்துக்காரர்கள் வந்து செய்து காட்டப்போகிறார்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். முட்டிக்கு ஒத்தடம் கொடு.

உன் தம்பி


ஜனவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. நான் சௌக்கியம், முட்டி சௌக்கியமில்லை. உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். "உன் தம்பிக்கு வேற வேலையே இல்லையா" என்று கேட்டுவிட்டு எழுந்துபோய் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். சின்னவளுக்குச் சளி விட்டதா?

போன் எடுக்கவில்லையா? முந்தாநாள்தான் உன் பெண்டாட்டியோடு அரைமணி நேரம் பேசினேன். பக்கத்து அறையில் சின்னவள் தும்மியதுகூட எனக்குக் கேட்டது. சரி, எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

எங்கள் நிலையத்தில் திரைகளை மாட்டிய முதல் மாதமே இணைய வயர் எங்கோ அறுந்துபோனது. திரை அணைந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அது பாட்டுக்கு "10.40 வண்டி, மேடை 3, புறப்படத் தயார்" என்று காட்டிக்கொண்டே நின்றது. அந்த வண்டி போய், பதினொன்றரை வண்டியும் போயாகிவிட்டது. மேடை மூன்றில் அறுபது பேர் பையும் பெட்டியுமாக நிற்கிறார்கள். நான் ஜன்னலிலிருந்து கத்துகிறேன், "வண்டி போயிடுச்சுங்க". ஒரு ஆள் திரையைக் காட்டி, "அது பொய் சொல்லுதா, நீங்க பொய் சொல்றீங்களா?" என்றார். அன்றைக்கு நான் வாங்கிய திட்டு ஏழு ஜென்மத்துக்குக் காணும்.

அதனால் முதல் வேலையாக, அவர்கள் காட்டிக்கொண்டிருக்கும்போதே வயரைப் பிடுங்கிவிடு. பிடுங்கினால் என்ன காட்டும்? வாயால் சொல்வதை நம்பாதே. உன் கையால் பிடுங்கு.

அப்புறம் ஒரு வரியை மாற்ற வேண்டுமென்றால் யார் மாற்றுவது என்று கேள். எங்களுக்கு ஒரு வரி மாற்றத் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மேடை ஒன்று பழுதுபார்க்கப்படுகிறது என்ற அறிவிப்பு, பழுதெல்லாம் பார்த்து முடித்து வெள்ளையடித்த பிறகு வந்தது. ஒரு எண் திரையில் எத்தனை நேரம் நிற்கும் என்றும் கேள். எங்கள் திரையில் ஆறு நொடி. கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் வண்டி மாறிவிடுகிறது.

பிள்ளைகளுக்கு என் முத்தம். மறக்காமல் பதில் போடு.

அக்கா


ஜனவரி 31

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். உனக்கு முட்டியில் போடுகிற பட்டை ஒன்று இங்கே கிடைக்கிறதாம், அவள் வாங்கி அனுப்புகிறாள்.

நீ சொன்னபடி பிடுங்கினேன் அக்கா. முதலில் வந்தவர் கோட்டுக்காரர். அந்தப் புழுக்கத்தில் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். அவர் வண்ண வண்ணமாக ஏதோ காட்டிக்கொண்டிருந்தபோது நான் பேனா விழுந்துவிட்டது போலக் குனிந்து வயரை இழுத்தேன். கும்மிருட்டு. "நெட் எங்க சார் போகப் போகுது?" என்றார். எங்கள் கட்டிடத்தில் தூறல் போட்டாலே போகும் என்று மேட்ரன் அம்மா சொன்னார்.

இரண்டாவது ஆள் சிரிப்புக்காரர். வாய் நிறையப் பல். ஒவ்வொரு வார்த்தையையும் மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார். திரையில் மீன் நீந்துகிறது, மேகம் போகிறது, நடுவில் டோக்கன் எண் பூப்போல விரிகிறது. வயரை இழுத்ததும் அவர்கள் கம்பெனியின் படம் வந்து நின்றது.

மூன்றாவது மீசைக்காரர். வெள்ளைத் திரை, கறுப்பு எழுத்து, அவ்வளவுதான். வயரை இழுத்தபோது கடைசி எண் அப்படியே நின்றது. கீழே, "10.12 முதல் இணைப்பு இல்லை, மேசையில் கேளுங்கள்" என்று ஒரு வரி வந்தது. கூப்பிட்ட எண்ணும் அந்த ஆள் வந்து மேசையில் சீட்டைக் காட்டும்வரை நிற்குமாம், கம்ப்யூட்டர் பெண் பிறகு சொன்னாள். மேட்ரன் அம்மாவுக்கும் கம்ப்யூட்டர் பெண்ணுக்கும் பிடித்திருந்தது. ஆனால் அவர் விளக்கியது எனக்குத் திருப்தியாக இல்லை. நான் பத்துக்கு மூன்று போட்டேன். சிரிப்புக்காரருக்கு எட்டு. ஹாலை அறிந்தவர் என்று என் மார்க்குக்குத்தான் மதிப்பு அதிகம். அதனால் சிரிப்புக்காரருடையதை இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கிறோம்.

நடுவில் ஒரு வேடிக்கை. மேட்ரன் அம்மா என்னிடம் ஏதோ கேட்டார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே, "ரொம்ப உபயோகமா இருக்கும்மா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீயில் சர்க்கரை எத்தனை என்று கேட்டாராம். என் நினைப்பெல்லாம் திரையில் இருந்தது.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

பட்டை வந்தது. போட்டுக்கொண்டு படி ஏறிப் பார்த்தேன், ஏற முடிகிறது. உன் பெண்டாட்டிக்கு நன்றி சொல். நீ எப்படி இருக்கிறாய்? இதை ஒப்புக்குக் கேட்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். வயரைப் பிடுங்கினபோது ஒழுங்காக நின்றது மீசைக்காரருடையது. எண்ணை நிறுத்தி வைப்பதும் அவருடையதுதான். நீ மார்க் போட்டது மீன் விடுகிற ஆளுக்கு. சின்ன வயசில் ஒரு செருப்பு வாங்கக்கூட நான்கு கடை ஏறி இறங்குகிறவன் நீ. மீனைப் பார்த்து மயங்குகிற ஆள் இல்லை.

போன வருஷம் இங்கே வந்திருந்தாயே, அடுப்பில் குக்கர் ஏழு விசில் அடித்தது. நீ பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அத்தான் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து இரண்டு தரம் கூப்பிட்டார். நீ திரும்பவில்லை. "உன் தம்பிக்குத் திமிரு ஏறிப்போச்சு" என்று அன்றைக்கு முழுக்க முறைத்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது போன் எடுக்கவில்லை என்கிறாய். டீக்குச் சர்க்கரை கேட்டால் உபயோகமாக இருக்கும் என்கிறாய்.

பூசி மெழுகாமல் சொல். உனக்குக் காது சரியாகக் கேட்கிறதா?

திரையைப் பற்றியும் ஒன்று. அதில் சத்தம் வருமா, வந்தால் யார் குறைப்பது என்று கேட்டாயா? நீ எழுதியதில் சத்தம் என்ற பேச்சே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே எழுது.

அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முட்டி தேவலை என்று படித்ததில் சந்தோஷம். இங்கே யாவரும் நலம். பெரியவன் பரீட்சைக்குப் படிக்கிறான், படிக்கிறேன் என்று சொல்கிறான்.

பதில் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம். கேள்விப் பட்டியல் ஒன்று தயார் செய்தேன். உன்னுடையதையும் சேர்த்து மொத்தம் இருபத்து மூன்று கேள்வி. யாராவது ஒருவர் தப்பாகத் தட்டினால் பதினொன்றும் மாறிவிடுமா, இல்லை அந்த ஒன்று மட்டுமா? பெயரைக் காட்டாமல் எண்ணை மட்டும் காட்ட முடியுமா? தீப்பிடித்தால் ஒரே பொத்தானில் எல்லாத் திரையிலும் வெளியே போகும் வழி வருமா? கம்ப்யூட்டர் பெண் அசந்துபோனாள். "இதெல்லாம் எங்க சார் கத்துக்கிட்டீங்க?" என்றாள். எனக்கு விசாரணை ஜன்னலில் ஆள் இருக்கிறது என்றேன்.

வேறு செய்தி ஒன்று. எக்ஸ்ரே பிரிவில் பதிவேடு எழுதும் ஒருவர் இருந்தார், கண்ணாடிக்காரர் என்போம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பார்வை மங்குகிறது என்று அவரே போய் மேலே சொன்னார். மறுவாரமே கீழ்த்தளத்தில் பழைய ஃபைல் அறைக்கு மாற்றம். போன மாதம் ஒரு ஃபைலுக்காகக் கீழே போயிருந்தேன். ஜன்னல் இல்லாத அறை. என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க, ஆள் வந்து பத்து நாளாச்சு" என்றார். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இங்கே ஒரு நாளைக்கு அறுநூறு முகம் பார்க்கிறவன் நான். என்னைக் கொண்டுபோய் அங்கே உட்காரவைத்தால் என்ன ஆவேன் என்று அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. மீன் விடுகிறவரின் மென்பொருள் மார்ச் கடைசியில் ஓட ஆரம்பிக்கும்.

அத்தானுக்கு வணக்கம்.

தம்பி


மார்ச் 10

தம்பி,

நான் நலம், அத்தான் நலம்.

நான் கேட்ட கேள்வி ஒன்று. நீ எழுதிய பக்கம் இரண்டு. அந்த இரண்டு பக்கத்தில் என் கேள்விக்குப் பதில் இல்லை என்று நீ நினைக்கிறாய். கண்ணாடிக்காரரைப் பற்றி எழுதினாயே, அதுதான் பதில். எனக்குப் புரிந்துவிட்டது.

திரை ஓடுவதற்கு முன்னால் மேட்ரன் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு. நீயாகச் சொன்னால் அது ஒரு மாதிரி, அவர்களாகக் கண்டுபிடித்தால் வேறு மாதிரி. என் காதில் பூ சுற்றியதை மன்னித்துவிட்டேன், அங்கே சுற்றாதே.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

நான்கு வாரமாக உன் கையெழுத்தைக் காணவில்லை. உன் பெண்டாட்டியிடம் கேட்டால், "நல்லாத்தான் இருக்கார் அண்ணி, ஆனா ஆபீஸ்லேருந்து வந்தா ஒண்ணும் பேசமாட்டேங்கிறார்" என்கிறாள். அவளிடமாவது சொன்னாயா? அவளுக்குத் தெரியாமல் இருக்குமா என்ன. பக்கத்திலேயே படுக்கிறவள்.

நான் கோபமாக எழுதிவிட்டேனோ என்று நினைக்கிறேன். கோபமில்லை. பயம். ஒரு வரி எழுது. "நலம்" என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன்.

உன் பேச்சைக் கேட்காமல் நான் யாரிடமும் சொல்லவில்லை. திரைகள் ஓட ஆரம்பித்து மூன்றாம் நாள், திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு நான்தான் போட்டேன். பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் இருந்தது. சோதனைக் காலத்தில் மைக் கிடையாது, எண் திரையில் மட்டும் வரும். முந்தின நாள் அந்தக் கம்பெனி எதையோ புதுப்பித்திருக்கிறது. அதோடு ஒரு விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மீன் நீந்தும்போது பின்னால் மேளமும் ஊதலுமாக ஒரு பாட்டு, அதற்கு மேல் ஒரு பெண் குரல், "வாங்க, வாங்க, நல்வரவு" என்று. நாற்பது நொடிக்கு ஒரு தரம். முழுச் சத்தத்தில். பதினோரு திரையிலும். இதெல்லாம் பிறகு மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிந்தது மீன் மட்டும்தான்.

எட்டிலிருந்து பத்தேகால்வரை நான் அதற்கு நேர் கீழே சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருந்தேன் அக்கா. ஆட்கள் வந்து என்னவோ சொன்னார்கள், மேலே திரையைக் காட்டினார்கள். எண்ணைக் கேட்கிறார்கள் என்று நினைத்து, "அதோ போட்டிருக்கு பாருங்க" என்றேன். இன்னும் நாலு பேர் வந்து காட்டினார்கள். எவ்வளவு பிடித்துப்போயிருக்கிறது பார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். தலைவலி போலிருக்கிறது என்று நினைத்து அவளுக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டேன்.

மேட்ரன் அம்மா வந்தார். என் எதிரில் நின்று, கையிலிருந்த ஃபைலால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். உதடு தெரியவில்லை. "ஆமாம்மா, எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றேன். அவர் என் மேசையிலிருந்த டோக்கன் சீட்டை எடுத்து, "எத்தனை நாளா?" என்று எழுதினார். கீழே எழுதினேன், "இரண்டு வருஷம். இடது போயாச்சு, வலது பாதி." அவர் சீட்டைத் திருப்பி எழுதினார், "முதலில் இந்தச் சத்தத்தை நிறுத்துங்கள்."

நிறுத்தினேன். என்னைக் கையோடு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என் மேசையிலிருந்து நாற்பது காலடி தூரம். பதினாறு வருஷமாக "நேராப் போய் இடது பக்கம்" என்று ஊருக்கெல்லாம் வழி சொன்னவன், ஒரு நாள் அந்தப் பக்கம் திரும்பியதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீசைக்காரருக்கு நான் மூன்று மார்க் போட்டது அவர் மென்பொருளுக்கு இல்லை, மீசைக்கு. அது உதட்டை முழுக்க மூடியிருந்தது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு வந்து சேரவில்லை. சிரிப்புக்காரருக்கு மீசை கிடையாது. நான் செய்த காரியத்தைப் பார்.

இருபத்தொன்பதாம் தேதி கூட்டம். எந்த மென்பொருள் என்பது ஒரு விஷயம். நான் அந்த மேசையில் இருக்கலாமா என்பது இன்னொரு விஷயம். இரண்டும் ஒரே தாளில் அச்சாகி வந்திருக்கிறது. நிர்வாக அதிகாரியும் வருகிறார். சோறு இறங்கவில்லை.

உன் தம்பி


ஏப்ரல் 25

என் தம்பிக்கு,

நாங்கள் நலம், எங்களைப் பற்றி யோசிக்காதே.

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். காதைப் பொத்தினவளுக்கு நாற்காலி போட்டாயே, அந்த இடத்தில் அத்தானைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார். அடுத்த வரியில் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவர்தான் வாங்கி மிச்சத்தைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "அன்னிக்குத் திமிருன்னு சொல்லிட்டேனே" என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டார். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்.

உன் காது போனதில் எனக்கு வருத்தம். இரண்டு வருஷம் நீ தனியாகப் பயந்துகொண்டிருந்ததில்தான் கோபம். ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு, எவன் எப்போது கண்டுபிடிப்பானோ என்று எப்படியடா உட்கார்ந்திருந்தாய்?

கூட்டத்தில் மற்றவர்கள் ஆரம்பிக்கும்வரை காத்திருக்காதே. நீயே முதலில் பேசு. வாய் குழறும் என்றால் எழுதிக்கொண்டு போய்ப் படி. மீசை விஷயத்தையும் மறைக்காமல் சொல். முடிந்தவுடன் எழுது, தாமதித்தால் முட்டியைத் தூக்கிக்கொண்டு நானே வந்து நிற்பேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலம், நலம். முட்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

எழுதி எடுத்துக்கொண்டு போனேன். நிர்வாக அதிகாரி நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் எழுந்து படித்துவிட்டேன். காது, இரண்டு வருஷம், மீன், மீசை, எல்லாம். தாள் சடசடத்திருக்கும், எனக்குக் கேட்கவில்லை. முடித்ததும் யார் என்ன பேசினார்களோ, நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் பெண் எல்லார் பேச்சையும் ஒரு கம்ப்யூட்டரில் தட்டித் தட்டி எனக்குக் காட்டினாள். நிர்வாக அதிகாரி கேட்டது இதுதான்: "அப்ப மீசைக்காரரோட சாஃப்ட்வேருக்கு இப்ப எத்தனை மார்க் போடுவீங்க?" மீசைக்காரர் எழுதிக் கொடுத்த விளக்கத்தை வாங்கி நிதானமாகப் படித்திருக்கிறேன், ஒன்பது என்றேன். "அந்த ஒண்ணை ஏன் குறைச்சீங்க?" என்றார். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கலாம் என்றேன். எழுதிக்கொண்டார்.

பிறகு என் விஷயம். காதுக்குக் கருவி போட்டுக்கொள்ள வேண்டும், மைக் இனி நர்ஸ் பொறுப்பு, அவசரத்துக்கு மட்டும். மேசை என்னுடையதே, திரைகளும் என் பொறுப்பு. மேட்ரன் அம்மா சொன்னதை அந்தப் பெண் அப்படியே தட்டியிருந்தாள்: "இருபத்து மூணு கேள்வி கேட்ட ஆளை விட்டுட்டு நான் யாரை வச்சுக்கிட்டு இந்தத் திரைகளோட மல்லுக்கட்டறது?" அவ்வளவுதான். மொத்தம் ஒன்பது நிமிஷம். அடுத்து மருந்து கொடுக்கும் இடத்தில் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள், அதற்கு அரைமணி நேரம் ஆனது.

வெளியே வந்ததும் மேட்ரன் அம்மாவிடம் கண்ணாடிக்காரரைப் பற்றிக் கேட்டேன். அவர் சீட்டில் எழுதிக் காட்டினார். எக்ஸ்ரே அறையின் விளக்கில் கண் கூசுகிறது என்று கீழ்த்தள அறையை அவரே கேட்டு வாங்கினாராம். ஆறு மாதம் நச்சரித்து வாங்கினாராம். இரண்டு வருஷமாக நான் எதைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தேன் பார். நேராகக் கீழே இறங்கிப் போய் அவர் துடைத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். நல்ல மனுஷன். நிறையப் பேசுகிறார், உதடும் தெளிவாகத் தெரிகிறது.

அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். வீட்டில் அவளிடமும் சொன்னேன். "ஒரு வருஷமா நான் உங்க வலது பக்கமாவே நடக்கிறேனே, கவனிக்கலையா?" என்றாள்.

அத்தானிடம் மன்னிப்பெல்லாம் வேண்டாம் என்று சொல். கொஞ்சம் திமிரும் இருந்தது.

உன் தம்பி


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

வயிற்றில் பாலை வார்த்தாய். கடிதம் வந்தபோது ஜன்னலில் உட்கார்ந்திருந்தேன். பிரித்துப் படித்துவிட்டு எதிரில் நின்றவருக்கு அவர் கேட்காத ஊருக்கு வண்டி நேரம் சொல்லிவிட்டேன்.

உன் பெண்டாட்டியை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு நிறைகிறது. அவளைத் திட்டாமல் வைத்துக்கொள். கருவி வந்ததும் எப்படி இருக்கிறது என்று எழுது. நாங்கள் இருவரும் நலம். இன்றைக்குத்தான் நலம் என்று மனசாரச் சொல்கிறேன்.

அக்கா


ஜூன் 15

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். பெரியவன் தேறிவிட்டான், அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

கருவி போட்டு மூன்று வாரமாகிறது. வலது காதுக்கு நன்றாக உதவுகிறது, இடதுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். அக்கா, இந்த ஹாலில் இவ்வளவு இரைச்சலா? மேட்ரன் அம்மாவின் செருப்பு கீச்சென்கிறது. பதினாறு வருஷத்தில் முதல் பதினாலு வருஷம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பேன், ஒன்றும் ஞாபகமில்லை. தலை வலித்தால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். அந்தச் சௌகரியம் உங்களுக்கெல்லாம் கிடையாது.

மீசைக்காரரின் மென்பொருள் போன திங்கட்கிழமையிலிருந்து பதினோரு திரையிலும் ஓடுகிறது. எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தார். எண் ஓடாத நேரத்தில் காட்ட ஒரு இடம் காலியாக இருந்தது. "ஏதாவது எழுதுங்க சார், வெறுமனே விட்டா நல்லாயில்லை" என்றாள் கம்ப்யூட்டர் பெண். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தட்டினேன்: "காது சரியாகக் கேட்காதவர்கள் தயங்காமல் நடு மேசைக்கு வாருங்கள். அங்கே இருப்பவருக்கும் சரியாகக் கேட்காது."

அவள் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "போடட்டுமா சார்?" என்றாள். போடு என்றேன். "நிஜமாவா?" என்றாள். நானே பொத்தானை அழுத்தினேன். இரண்டு வருஷம் யாருக்கும் தெரியக் கூடாது என்று மறைத்ததை முழ நீள எழுத்தில் சுவர் சுவராகப் போட்டாகிவிட்டது.

அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பதிவேட்டைப் புரட்டினேன். முகம் சுட்டது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. ரொம்ப நேரம் கழித்து நிமிர்ந்தேன். ஒரு ஆள்கூடப் பார்க்கவில்லை அக்கா. கழிப்பறை எங்கே என்று ஒருவர் கேட்டார். ஒரு அம்மா பேனா கேட்டாள், திருப்பித் தரவில்லை. அவ்வளவுதான்.

பதினொரு மணி இருக்கும். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். கையில் எலும்புப் பிரிவுச் சீட்டு. திரையைக் காட்டினார், தன் காதைக் காட்டினார், என்னைக் காட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் ஃபைலைப் புரட்டினால் ஏழு இடத்தில் "வரவில்லை" என்று எழுதியிருக்கிறது. ஏழும் என் கையெழுத்து. ஏழு நாளும் அவர் வந்திருக்கிறார். மைக்கில் நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கேட்க வெட்கமாக இருந்ததாம். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். ஏழு இடத்திலும் அவர் கண்ணெதிரிலேயே கோடு போட்டு அடித்துவிட்டு "வந்தார்" என்று எழுதினேன். முதல் ஆளாக உள்ளே அனுப்ப ஏற்பாடு செய்தேன்.

மருத்துவர் கூப்பிடும்வரை அவர் என் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். "எனக்கு எடது காது" என்றார். "எனக்கும் எடதுதான்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை, இன்னும் பலமாகச் சொன்னேன். எத்தனை வருஷம் என்று அவர் கத்தினார். ரெண்டு என்று நான் கத்தினேன். வீட்டில் தெரியுமா என்று அவர் கத்தினார். எல்லாருக்கும் முன்னாலேயே தெரிஞ்சிருக்கு என்று நான் கத்தினேன். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார், நானும் சிரித்தேன். ஹால் முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது. சண்டை என்று நினைத்து மேட்ரன் அம்மா செருப்பு கீச்சிட ஓடி வந்தார்.

"சண்டையெல்லாம் இல்லம்மா," என்றேன், "பேசிக்கிட்டிருக்கோம்."

உன் அன்புத் தம்பி